அதிபர் அம்மாவுக்கு ஒரு பிரியாவிடை

(சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் எங்கள் பிள்ளைகள் படித்த ஆரம்பப் பாடசாலையின் அதிபர், 22 வருட சேவையின் பின் 2024 டிசெம்பரில் ஓய்வு பெற்றார். தமிழ்ப் பெற்றோர் அவருக்கு அளித்த தேநீர் விருந்தில் நான் தமிழில் பேசினேன். என் மகன் பக்கத்தில் நின்று அதை ஆங்கிலத்தில் சொன்னான். புத்தாண்டு மலருக்கு வேண்டுமென்று சங்கத்தார் கேட்டதால் எழுதித் தருகிறேன். பேசியதைப் பெரிதாகத் திருத்தவில்லை.)

இந்த மண்ணின் மூத்த குடிகளான டாருக் மக்களுக்கு முதல் வணக்கம். மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, கூட்டம் தொடங்க முதலே அரைவாசி வடையை முடித்துவிட்ட பிள்ளைகளே, எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். மகன் மொழிபெயர்க்க அரைவாசி போய்விடும். ஆகவே ஐந்து நிமிடத்தில் இருபத்திரண்டு வருடத்தைச் சொல்ல வேண்டும். நான் பார்த்தது அதில் பதின்மூன்று வருடம்தான். அதைச் சொல்லுகிறேன்.

ஊரிலே ஒரு அதிபர் ஓய்வு பெற்றால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். மாலை, பொன்னாடை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா. போன மாதம் நாங்களும் வாழ்த்துப்பா எழுத ஆள் தேடினோம். பிறகு யோசித்தோம், எழுதினால் எங்களுக்கு விளங்கும், அவவுக்கு விளங்காது. மொழிபெயர்த்தால் அவவுக்கு விளங்கும், ஆனால் அது வாழ்த்துப்பாவாக இராது. அதனால்தான் இந்தப் பேச்சு.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் பதினொரு வருடம் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்தவள். 2011 ஓகஸ்டில் ஏழு வயது மகனோடு இங்கே வந்து சேர்ந்தேன். கணவர் எங்களுக்கு முன்னமே படகில் வந்தவர். ஊரில் என்னைக் கண்டால் பிள்ளைகள் எழும்பி நிற்கும். இங்கே பாடசாலை கேற்றடியில் நான் ஒரு துண்டுக் கடிதத்தைக்கூட வாசித்து விளங்க முடியாத ஆள். முதல் கிழமை மகன் அழுதுகொண்டு வந்தான், எல்லோரும் விளையாடத் தன்னை மட்டும் நிழலில் இருத்திப்போட்டார்களாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிறகுதான் தெரிந்தது, தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டும் இல்லை என்பது இங்கத்தைய பாடசாலைச் சட்டம். வெயிலால் தோல் புற்றுநோய் வருமாம். நாங்கள் வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த சனம், தொப்பியை ஆர் நினைச்சது?

அதற்கு அடுத்த மாதம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஒருநாள் காலை பாடசாலையில் சைரன் அடித்தது. தீ விபத்து வந்தால் என்ன செய்வது என்ற பயிற்சி. சைரன் கேட்டால் பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்து திறந்த மைதானத்தில் நிற்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் போனார்கள். என் பிள்ளை போகவில்லை. ஆசிரியையின் மேசைக்குக் கீழே புகுந்து, காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டான். வாயைத் திறந்து வைக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான். வன்னியில் இருந்தவர்களுக்கு ஏனென்று தெரியும். கிபீர் வரும் நேரத்தில் வெட்டைக்கு ஓடினவன் மிஞ்சான், பங்கருக்குள் போனவன் சில நேரம் மிஞ்சுவான். இங்கே சத்தம் கேட்டால் வெளியே போ என்கிறார்கள். அங்கே சத்தம் கேட்டால் உள்ளுக்குப் போ என்று அடித்துப் படிப்பித்தோம். ஏழு வயதுப் பிள்ளை எதைக் கேட்கும்?

எனக்கு அறிவித்து நான் ஓடிவர இருபது நிமிடம் எடுத்தது. வந்து பார்த்தால், வகுப்பறை நிலத்தில் அதிபர் அம்மா படுத்திருக்கிறா. நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தவ. மேசைக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டு, அவனைத் தொடாமல், இழுக்காமல், ஒன்றும் கதைக்காமல் அவனைப்போலவே குப்புறப் படுத்திருக்கிறா. நான் தமிழில் கூப்பிட்ட பிறகுதான் இரண்டு பேரும் வெளியில் வந்தார்கள். அதற்குப் பிறகு, பயிற்சி நடக்கும் நாளுக்கு முதல்நாள் எங்கள் வீடுகளுக்குத் தமிழில் ஒரு கடிதம் வரும். முதல் கடிதத்தைத் தமிழில் எழுதித் தந்தது நான். அவ கேட்டு, நான் இந்த நாட்டில் செய்த முதல் வேலை அது.

இப்போது நாம் இருக்கும் இந்த மண்டபத்தையும் சொல்ல வேண்டும். வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள். உலகப் பொருளாதாரம் சரிந்த நேரத்தில், 2009 இல், மத்திய அரசாங்கம் நாடு முழுக்க ஆரம்பப் பாடசாலைகளுக்கு மண்டபமும் நூலகமும் கட்டக் காசு கொடுத்தது. அதில் எழும்பியதுதான் இது. அந்த 2009 எங்களுக்கு என்ன வருடம் என்று இந்தச் சபையில் விளக்கத் தேவையில்லை. எங்கள் பாடசாலைக் கட்டடங்கள் ஆஸ்பத்திரியாகவும் அகதிகள் படுக்கும் இடமாகவும் மாறி, பிறகு கூரையும் இல்லாமல் போன வருடம். நான் இந்த மண்டபத்துக்குள் வரும்போதெல்லாம் கூரையைத்தான் முதலில் பார்ப்பேன். இன்றைக்கும் பார்த்தேன்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான விஷயம். மகனிடம் கேட்டுத்தான் சொல்லுகிறேன். அவன் சொல்லலாம் என்றான்.

2013 இல் அவன் நாலாம் ஆண்டு. அந்த ஆண்டில் ஓ.சி. பரீட்சை என்று ஒன்று இருக்கிறது. அதில் தேறினால் ஐந்தாம் ஆண்டில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்குப் போகலாம். எங்கள் ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையே இல்லை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் இங்கேயும் எங்களைத் துரத்திக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரியூசன், மாதிரி வினாத்தாள், சனிக்கிழமை ஒரு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. நான் ஆசிரியை. என் பிள்ளை தேறாவிட்டால் மற்றவர்கள் என்ன சொல்லுவார்கள்? ஒருநாள் இரவு ஒரே கணக்கை மூன்றாந்தரமும் பிழையாகச் செய்தான். அடிமட்டத்தால் கெண்டைக்காலில் அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. ஊரில் பூவரசந்தடியால் எத்தனையோ பிள்ளைகளுக்கு அடித்த கைதானே. இலங்கையிலும் 2005 இல் பாடசாலைகளில் அடிக்கக்கூடாதென்று சுற்றறிக்கை வந்தது. வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்தோம்.

இங்கே பிள்ளைகள் அரைக் காற்சட்டை போடுவார்கள். இரண்டு நாள் கழித்தும் தழும்பு நின்றது. வகுப்பு ஆசிரியை கண்டுவிட்டா.

அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டா. அறையில் நானும் அவவும் மட்டும். மேசையில் தொலைபேசியை வைத்து 131 450 இற்கு எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்தா. மகனைக் கொண்டு கதைப்பித்திருக்கலாம், அவனுக்கு அப்போதே ஆங்கிலம் நல்லாய் வரும். கன்ரீனில் நின்ற வேறு தமிழ் அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. முகம் தெரியாத ஒரு குரல் தமிழில் சொன்னது: "அடித்த தழும்பைக் கண்டால் அறிவிக்க வேண்டியது சட்டப்படி என் கடமை. நான் அறிவிக்கப் போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய எனக்கு விருப்பமில்லை. அதனால் முதலில் உங்களுக்குச் சொல்லுகிறேன்."

சட்டத்தையும் அன்றைக்கே விளக்கினா. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்த மாநிலப் பாடசாலைகளில் பிரம்புக்கு இடமில்லாமல் போய்விட்டது. பெற்றோர் கை வைப்பதைச் சட்டம் முழுதாகத் தடுக்கவில்லை, ஆனால் தலையிலோ கழுத்திலோ அடிப்பதும், கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்கிற மாதிரிக் காயப்படுத்துவதும் குற்றம். நான் ஒன்றையும் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது ஒன்றுதான், "பிள்ளையைக் கொண்டு போகப் போறாங்கள்". எங்கள் ஆட்கள் மத்தியில் உலவுகிற கதை அதுதானே. செல்லுக்குள்ளும் கூட்டுக்குள்ளும் விடாமல் கொண்டுவந்த பிள்ளையை ஒரு அடிமட்டத்தால் இழக்கப் போகிறேன் என்று அன்றிரவு நித்திரையில்லை. கூடு என்றால் என்னவென்று என்ர மகன் இப்ப முழிக்கிறான். முட்கம்பி அடித்த முகாமைத்தான் சொன்னேன், தம்பி.

வந்தார்கள், இரண்டு பேர். கதைத்தார்கள், போனார்கள். பிள்ளையை ஒருவரும் கொண்டு போகவில்லை. ஆனால் நான் ஆறு மாதம் பாடசாலைப் பக்கம் தலை காட்டவில்லை. கணவர்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தார். கடையில் அதிபர் அம்மாவைக் கண்டால் அடுத்த வரிசைக்குள் போய்விடுவேன். காட்டிக் கொடுத்தவ என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். அந்த நாலு பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள். குனிய வேண்டாம்.

2014 தொடக்கத்தில் கின்டர் வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை சேர்ந்தது. தாயை விட்டுவிட்டு இருக்க மாட்டேன் என்று நாள் முழுக்க அழுகை. தாய்க்கோ வேலை. அதிபர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தா. வாசலில் நின்று, தெரிந்த நாலு சொல்லில் சொன்னா: "நீங்கள் ஆசிரியை. எனக்கு ஒரு ஆசிரியை வேண்டும்." நான் கேட்டேன், என்னைப் பற்றி எழுதிக் கொடுத்தீர்களே, எப்படிப் பிள்ளைகளோடு இருக்க விடுவீர்கள் என்று. அதுவும் என் அரைகுறை ஆங்கிலத்தில். அதற்கு அவ சொன்னதைப் பிறகொரு நாள்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன். "அன்றைக்கு எழுதியதையும் நான்தான் எழுதினேன், இன்றைக்குக் கேட்பதையும் நான்தான் கேட்கிறேன். இரண்டும் அந்தப் பிள்ளைக்காகத்தான்."

இன்னொன்றும் சொன்னா. இந்த நாட்டில் ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து அரசாங்கமே பறித்த காலம் ஒன்று பல பத்து வருடங்கள் இருந்தது. 1997 இல் அது பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. 2008 பெப்ரவரி 13 இல் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வைத்து ரி.வி.யில் அதைக் காட்டினாவாம். "அப்படிப்பட்ட நாட்டில் ஒரு தாய் பயந்தால் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்" என்றா. நான் அதுவரை அந்தச் சரித்திரம் அறியாதவள். எங்கள் கதை மட்டும்தான் கதை என்று இருந்தவள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கின்டர் வகுப்பில் ஒரு மூலையில் தொடங்கி, கன்ரீனில் சான்ட்விச் வெட்டி, ரேஃபில் படித்து, இப்போது இதே பாடசாலையில் ஆசிரியர்களுக்கு உதவியாளராகச் சம்பளத்துக்கு நிற்கிறேன். 2021 இல் மேற்கு சிட்னியை மூன்றரை மாதம் பூட்டி வைத்து, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வெளியே வரக்கூடாது என்றிருந்த நாட்களில், கணினி இல்லாத வீடுகளுக்குப் பாடத்தாள் கட்டுகளை அவவும் நானும் கேற்றடியில் நின்று கொடுத்தோம். முகக்கவசத்துக்கு மேலால் கண்ணை மட்டும் வைத்தே எந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று பிடித்துவிடுவா. அந்த வீட்டுக்கட்டு கொஞ்சம் பாரமாக இருக்கும்.

பாராட்டு மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இந்த மண்டபத்தைக் கேட்டு இரண்டு வருடம் அலைந்தோம். துப்புரவாளர் செலவு, காப்புறுதி, நிலம் பழுதாகும் என்று ஒவ்வொரு காரணம் சொல்லித் தள்ளினா. அதில் பிழை உங்களில்தான் அதிபர் அம்மா, நான் இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். மகனே, அதையும் விடாமல் சொல்லு. கடைசியில் தந்தா, தந்த பிறகு முதல் ஆளாக வந்து கடைசி வரிசையில் இருந்து அ, ஆ எழுதினா. ஃ வரைக்கும் போகவில்லை.

ஓ.சி. பரீட்சை என்னாயிற்று என்று பின்னால் ஒரு அம்மா கேட்கிறா. அவன் தேறவில்லை, அம்மா. இப்போது இருபது வயது, எலக்ரீசியன் வேலை பழகுகிறான். இன்றைக்கு இந்த மைக் கரகரத்தபோது அவன்தான் வந்து திருத்தினான். என் கதையைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டும் நிற்கிறான். அன்றைக்கு அந்த அறைக்குள் இவனை மொழிபெயர்க்க விடாமல் வெளியில் விளையாட விட்டதற்கு நன்றி. இன்றைக்கு அவனே விரும்பி வந்து சொல்லுகிறான்.

அதிபர் அம்மா, ஒவ்வொரு மார்ச் 21 உம் ஹார்மனி தினத்துக்கு நாங்கள் கொண்டுவரும் பலகாரத்தைத் தொடமுதல் நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. இன்றைக்குக் கேட்க வேண்டாம். வடையில் கச்சான் இல்லை. நான்தான் சுட்டேன். ஆறமுதல் சாப்பிடுங்கோ.

வணக்கம்.