ருஷ்யாவிலிருந்து வந்த ஜேர்மனியர்



அமெரிக்காவின் கன்சஸ், நெப்ராஸ்கா, வட டகோட்டா ஆகிய மாநிலங்களிற் கோதுமை விளைவித்து வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றிலே ஒரு புதிர் உண்டு. பாட்டனாரின் குடியுரிமைப் பத்திரத்திலே பிறந்த நாடு ருஷ்யா என்றிருக்கும். அவர் வீட்டிற் பேசியதோ ஜேர்மன் மொழி. தேவாலயத்திற் பாடியதும் அம்மொழியிலேயே. மூதாதையரைத் தேடப் புகும் பேரப்பிள்ளைகள் எங்கே தொடங்குவதென்று அறியாது திகைக்கின்றனர்.

விடை 1763 ஆம் ஆண்டில் இருக்கிறது. தாமும் ஜேர்மன் குலத்திற் பிறந்தவரான ருஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரின் அவ்வாண்டு யூலை மாதம் ஓர் அறிக்கை விடுத்தார். வந்து குடியேறுவோர்க்கு நிலமும், சமய சுதந்திரமும், படைச்சேவையினின்று விலக்கும் உண்டென்று அது கூறிற்று. ஏழாண்டுப் போரால் நலிந்திருந்த ஹெஸ்ஸன் முதலிய பகுதிகளின் ஏழை மக்கள் ஆயிரக்கணக்கிற் புறப்பட்டனர். வொல்கா நதியோரம், சராத்தொவ் நகரை அடுத்து, நூறளவிற் கிராமங்கள் தோன்றின. 1804 முதல் கருங்கடற் பக்கத்திலும் வேறு பலர் குடியேறினர். சலுகைகள் 1871 இல் நீக்கப்பட்டன. 1874 இற் கட்டாயப் படைச்சேவையும் வந்தது. அதன் பின்னரே அமெரிக்கா, கனடா, ஆர்ஜென்டீனா, பிரேசில் ஆகிய நாடுகளை நோக்கி அவர்கள் பெருந்தொகையிற் பெயர்ந்தனர்.

ஆகவே தேடுவோர் முதலில் அறியவேண்டியது நாட்டின் பெயரன்று, கிராமத்தின் பெயரே. பதிவேடுகள் கிராமவாரியாகவே எழுதப்பட்டன. ஆனால் ஒரு கிராமத்துக்கே பல பெயர்கள். குடியேறியோர் பால்சர் என அழைத்த ஊரை ருஷ்ய அலுவலர் கோலி கரமிஷ் என்றனர். இன்றைய தேசப்படத்தில் அது கிரஸ்னஆர்மெய்ஸ்க். ஆட்பெயரிலும் இடர் உண்டு. ருஷ்ய மொழியில் ஹகரத்துக்கு நேரான எழுத்தில்லை, ககரத்தால் எழுதுவர். எனவே ஜேர்மன் ஏட்டில் ஹொப்மன் ஆனவர் ருஷ்ய ஏட்டிற் கொப்மன் ஆகிவிடுகிறார். மஹாத்மாவை மகாத்மா என எழுதும் நமக்கு இது வியப்பன்று. நாளிலும் வேறுபாடுண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷ்யாவின் பழைய நாட்காட்டி 12 நாள் பின்தங்கியிருந்தது.

இத்தனை இடரையும் கடந்தோர்க்கு ஏடுகள் வியக்கத்தக்க விபரங்களைத் தருகின்றன. 1766 இல் ஓரானியன்பவும் துறையில் வந்திறங்கியோரைக் குல்பெர்க் என்ற அதிகாரி பெயர், சமயம், பிறந்த நாடு என்று பதிந்து வைத்தார். அதே ஆண்டில், பயணத்துக்கு முன்னரே, ஹெஸ்ஸனின் பூடிங்கன் நகரத் தேவாலயத்தில் 300 க்கு மேற்பட்ட இணைகள் மணம் முடித்தனர், அப்பதிவும் எஞ்சியுள்ளது. எல்லாவற்றினும் பயன்மிக்கது, என் கருத்தில், வொல்காக் கிராமங்களில் 1798 இல் எடுக்கப்பட்ட குடிக்கணக்கு. மனைவியர் பிறந்த குடும்பத்தின் பெயரையும் அது குறித்தது. பெண்வழியைத் தொலைத்துவிடும் ஏடுகளே உலகில் மிகுதி.

அமெரிக்கா சென்றோரின் கதை இவ்வாறிருக்க, ருஷ்யாவிலேயே தங்கியோரின் கதை வேறு. 1941 ஓகஸ்ட் 28 ஆந் திகதி பிறந்த ஆணையின்படி, வொல்கா ஜேர்மனியர் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் சில வாரங்களுக்குள் சைபீரியாவுக்கும் கஸக்ஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டனர். வீடும் கால்நடையும் போயின. அயற்கிராமத்தார் வெவ்வேறு திசையிற் சிதறினர். சோவியத் காலத்தில் வெளிநாட்டார்க்குப் பெரிதும் மூடிக்கிடந்த சராத்தொவ், எங்கெல்ஸ் நகரங்களின் சுவடிச்சாலைகள் 1991 க்குப் பின்னரே பரவலாகத் திறந்தன.

அக்காலத்திலேயே, கஸக்ஸ்தானிலும் சைபீரியாவிலுமிருந்து பல இலட்சம் பேர் ஜேர்மனிக்குத் திரும்ப விண்ணப்பித்தனர். தாம் ஜேர்மன் வழித்தோன்றல் என்பதைப் பத்திரங் காட்டி நிறுவினால்தான் அனுமதி. நெப்ராஸ்காவிலுள்ளவர் ஆவலால் தேடிய பிறப்புப் பதிவை, கஸக்ஸ்தானிலிருந்த அவருடைய தூரத்து உறவினர் புகைவண்டியேறும் உரிமைக்காகத் தேடவேண்டியிருந்தது.