ஊர் என்ற சொல்லும் ஆங்கிலப் படிவமும்



கண்டி மாநகரின் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் உச்சரிக்கும்போது, ஓர் இனிப்புப் பண்டத்தின் பெயரும் கூடவே நம் காதில் ஒலிக்கின்றது. ஓசை ஒன்று, முதலெழுத்து மட்டுமே வேறு. நகரின் பெயர் மலையைக் குறிக்கும் 'கந்த' என்னும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. இனிப்பின் பெயரோ வடமொழியில் பிறந்து, பாரசீகமும் அரபும் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. நமது கற்கண்டுக்கு உறவு என்க. இந்த மயக்கத்தால் எவருக்கும் தீங்கில்லை. மாணவன் எழுத்தை மாற்றி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு இடுவார். அத்துடன் காரியம் முடிந்தது.

எல்லா மயக்கங்களும் அவ்வளவு எளிதில் முடிவதில்லை. பொருளால் நெருங்கி நிற்கும் ஆங்கிலச் சொற்கள் சில, இந்நகரைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் இலட்சக்கணக்கானோர் எந்த நாட்டில் உறங்குவது என்பதையே தீர்மானித்தன. இன்று அவற்றையே எடுத்துக்கொள்கின்றேன்.

1820களில் கம்பளைப் பக்கத்தில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1867இல் தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர். வந்தவரை ஆங்கிலேயர் அழைத்த பெயர் 'கூலி'. நம் மொழியில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். ஆங்கிலத்திலோ அது உழைத்தவனின் பெயராயிற்று. கொடுக்க வேண்டிய பொருளின் பெயரைப் பெறவேண்டியவன் தலையில் ஏற்றிய விந்தையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

தனுஷ்கோடியில் கப்பலேறியவன் 'எமிகிரன்ட்', அதாவது நாட்டை விட்டு வெளியேறுபவன். தலைமன்னாரில் இறங்கியதும் அவனே 'இமிகிரன்ட்', அதாவது நாட்டினுள் வந்து குடியேறுபவன். ஆள் ஒருவன், எந்தக் கரையில் நின்று பார்க்கின்றோம் என்பதே வேறுபாடு. இரு சொற்களுக்கும் அடிப்படை, அவன் இடம் பெயர்ந்தான் என்பதாகும். கலஹாவில் லயத்துக் காம்பிராவில் பிறந்து, அதே லயத்தில் வளர்ந்து, அதே மலையில் கொழுந்தெடுக்கும் பெண் எங்கிருந்தும் வந்தவளல்லள். ஆயினும் பாட்டனுக்குப் பொருந்திய சொல்லைப் பேத்திக்கும் நெடுங்காலம் வழங்கினார்கள்.

இனி, 'ரெசிடன்ஸ்', 'டொமிசைல்' என்னும் இரு சொற்கள். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் வசிப்பிடம் என்றே பொருள் காணலாம். சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. முன்னது ஒருவர் வாழ்ந்துவரும் இடம். பின்னது, இதுவே இவரது நிலையான இல்லம் என்று சட்டம் ஏற்கும் நாடு. ஒருவருக்கு வசிப்பிடங்கள் இரண்டு மூன்று இருக்கலாம். 'டொமிசைல்' ஒரு காலத்தில் ஒன்றேதான். பிறக்கும்போது அது பெரும்பாலும் தந்தை வழியாக வருகின்றது. பின்னர் அதை மாற்ற வேண்டுமாயின் வேறு நாட்டில் வசித்தால் மட்டும் போதாது. அங்கேயே நிலைத்திருப்பது என்ற எண்ணமும் வேண்டும்.

எண்ணத்தை எவ்வாறு அளப்பது? இங்கேதான் நமது தமிழ்ச் சொல் ஒன்று குறுக்கே வந்து நிற்கின்றது. தோட்டத்து முதியவர் ஒருவரிடம் "ஐயா, உங்களுக்கு ஊர் எது?" என்று கேட்டால், திருச்சிப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் என்று ஒரு கிராமத்தைச் சொல்வார். அவர் அதைக் கண்ணாலும் காணாதவராயிருக்கலாம். தமிழில் அந்த விடை பொய்யன்று. ஊர் என்பது குலதெய்வத்தின் கோயில் இருக்கும் இடம். பங்காளிகள் இருக்கும் இடம். பாட்டன் பெயரோடு ஒட்டிய இடம். அதை ஓர் எழுத்தர் ஆங்கிலப் படிவத்தில் பிறந்த இடம் என்றோ, திரும்பிச் செல்லக் கருதும் இல்லம் என்றோ எழுதிவிட்டால், வாய்மையாகச் சொன்ன விடை சொன்னவருக்கே எதிர்ச்சாட்சியாகிவிடும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தது மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்தவராயிருத்தல் வேண்டும் என்றது. அன்றேல் பாட்டனும் முப்பாட்டனும். பிறப்புப் பத்திரம் இல்லாத லயங்களில் இதை மெய்ப்பிப்பது எளிதன்று. 1949இன் சட்டம் பதிவு மூலம் ஒரு வழி திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. ஒரே பயணத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இந்தியாவில் தங்கிவிட்டால் அந்தத் தொடர் அறுந்தது. தாயின் நோய்க்காக 'ஊருக்கு'ப் போன மகன் காலம் பார்த்துத் திரும்ப வேண்டியிருந்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாகியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். அப்போது நாளேடுகளில் நிறைந்த சொல் 'ரீபேட்ரியேஷன்'. அதனுள்ளே தந்தையர் நாடு என்று பொருள்படும் இலத்தீன் சொல் இருக்கின்றது. தந்தை நாட்டுக்குத் திரும்புதல் என்பது பொருள். தமிழகத்தார் இதைத் 'தாயகம் திரும்புதல்' என்று மொழிபெயர்த்துத் தந்தையைத் தாயாக்கினர். அழகிய தொடர்தான். ஆயினும் ஒருபோதும் போகாத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்புவார் என்ற வினா இரு மொழிகளிலும் அப்படியே நிற்கின்றது.

இதற்கு அருகிலுள்ள 'டிப்போர்டேஷன்' என்பது, அந்நியர் என்று கொண்ட ஒருவரை அரசு ஆணையிட்டு வெளியேற்றுவது. அதில் அவரது விருப்பத்துக்கு இடமில்லை. 'ரெஃப்யூஜி' என்பவர் உயிருக்கு அஞ்சி ஓடியவர். தாயகம் திரும்பியவர் இந்தியக் கடவுச்சீட்டோடு சென்றார். 1983க்குப் பின் சென்ற அகதி அது இல்லாமல் சென்றார். ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் வாழ்ந்த இரு குடும்பங்களுள், முன்னது நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளராகவும் பின்னது முகாம்வாசியாகவும் ஆனதற்கு இச்சொற்களின் வேறுபாடே போதுமானதாயிருந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. முன்னர் வாயிலை அடைத்து நின்ற வசிப்பு என்னும் சொல்லே இம்முறை அதைத் திறந்தது. தேதியையும் கவனியுங்கள், ஒப்பந்தம் எழுதிய அதே நாள்.

மாணவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. வேலைக்கான படிவங்களில் தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி என்று இரு கட்டங்கள் இருக்கும். கொழும்பில் கடையில் வேலை செய்யும் இளைஞர் முதற்கட்டத்தில் தெருவும் இலக்கமும் எழுதுவார். இரண்டாவதில் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்துவார். ஏனெனில் லயத்துக் காம்பிராக்கள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கே வருகின்றது.