செயலிவழித் தொழிலாளரும் கூலி உரிமையும்



சென்ற மாதம் ஓரிரவு உணவுப் பொட்டலத்துடன் நம் இல்லத்து வாயிலில் நின்றவர் நம்மிடம் பயின்ற மாணவர். உள்ளே அழைத்தோம், அடுத்த ஆர்டர் வந்துவிடும் என்று தயங்கினார். நின்றபடியே கணக்குக் கேட்டோம். ஆசிரியப் பழக்கம் எளிதில் விடுவதில்லை! அன்று 13 மணி நேரத்தில் கிடைத்தது 900 ரூபாய். பெட்ரோல் 300, வண்டித் தவணையில் ஒரு நாள் பங்கு 130 போக, மிஞ்சியது 470. மணிக்கு 36 ரூபாய். வண்டித் தேய்மானத்தை நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நிறுவனம் அவரைத் தொழிலாளி என்பதில்லை, பங்குதாரர் என்கிறது. இலாபத்தில் பங்கில்லாத பங்குதாரர்! தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் குறைந்தபட்சக் கூலி தர வேண்டுமன்றோ? அக்கூலிக்கான மசோதாவை 1946-இல் கொண்டுவந்தவர், அன்று தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அண்ணல் அம்பேத்கரே. 1948-இல் அது சட்டமாயிற்று.

நம் பாட்டனார் களத்துமேட்டில் கூலி வாங்கிய நாளில் மரக்கால் கண்முன் இருந்தது. குறைத்து அளந்தால் கண்டு கேட்கலாம். கேட்டதற்கு 1968-இல் கீழவெண்மணியில் கொடுத்த விலையை நாம் அறிவோம். இன்றோ மரக்காலே செல்பேசிக்குள் மறைந்துவிட்டது. நேற்றைய விகிதம் இன்றில்லை. ஏன் குறைந்தது என்று கேட்க ஆளும் இல்லை.

நிற்க. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. ஆனால் அத்தொகை தொழிலாளருக்குத் தருவதில் 5 விழுக்காட்டைத் தாண்டாது. விபத்துக்கும் முதுமைக்கும் வழி பிறக்கலாம். கூலிக்கு ஒரு சொல்லும் இல்லை. இக்குறையை மறைத்துப் பேச நமக்கு மனமில்லை. 2025-இல் கர்நாடகம் இயற்றிய சட்டம் ஓரடி முன்னே சென்றது. பிடித்தம் செய்தால் காரணம் கூற வேண்டும். வேலையினின்று நீக்க 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமோ 2021-லேயே ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்றே தீர்த்து, குறைந்தபட்சக் கூலிக்கு உரியவர் என்றது.

நம் மாநிலத்தில் 2023-இல் இவர்களுக்கெனத் தனி நலவாரியம் அமைந்தது. அம்மாணவர் அதில் பதிவு செய்யவில்லை. அப்படி ஒன்று இருப்பதையே அவர் அறியார். இவ்வரங்கில் வண்டி ஓட்டும் இளைஞர்கள் எத்தனை பேர் பதிந்துள்ளீர்கள்? கூட்டம் முடிந்ததும் படிப்பகத்திற்கு வாருங்கள். ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் கொண்டு வாருங்கள். நாம் உடனிருந்து பதிவு செய்து தருவோம். அன்றாடக் கூலியையும் பிடித்தத்தையும் இன்றிரவு முதல் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். நோட்டுகள் நம் சங்கச் செலவில் மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன.