மௌனத்திற்கு ஒரு தவணை

யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி வழியாகச் செல்வது ஒன்று. பொன்னாலை வழியாகக் காரைநகரை அடைந்து, அங்கிருந்து கடலைக் கடப்பது மற்றொன்று. முதல் வழி அடைபட்டால் பயணி இரண்டாவதை நாடுவான். ஆனால், அது அடைபட்டதென்று எவ்வளவு நேரம் காத்திருந்து முடிவு செய்வான்?

நேயர்களே, இணையத்தில் செய்திகளுக்கு வழிகாட்டும் ரவுட்டர் என்னும் கருவிக்கும் இதே வினா எழுகின்றது. 1988ஆம் ஆண்டில் ஆவணமாக வகுக்கப்பெற்ற 'ரிப்' என்னும் நெறிமுறை இதற்குத் தவணைகளை விதித்தது. ஒவ்வொரு ரவுட்டரும் தான் அறிந்த வழிகளை 30 விநாடிக்கு ஒருமுறை அயல் ரவுட்டர்களுக்கு அறிவிக்கும். ஒரு வழியைப் பற்றி 180 விநாடி வரை செய்தி வாராதிருப்பின், அவ்வழி அற்றதெனக் கொள்ளும். மேலும் 120 விநாடி 'அவ்வழி இல்லை' என்று அயலுக்கு உரைத்த பின்னரே தன் ஏட்டிலிருந்து அதனை நீக்கும்.

தீவக வைத்தியசாலை ஒன்றிலிருந்து யாழ்ப்பாணத்து வைத்தியர் ஒருவருடன் இணையவழியே பேசும் வேளையில் தொடர்பு மௌனமாயிற்று எனக் கொள்வோம். மாற்றுவழி இருந்தும் 180 விநாடி, அதாவது மூன்று நிமிடம் காத்திருப்பது எளிதோ? ஆகவே தவணையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே.

ஆயினும் குறைப்பதற்கும் முறை உண்டு. அறிவிப்பை 30 விநாடியிலேயே விட்டு, காத்திருக்கும் தவணையை மட்டும் 20 விநாடியாக்கினால் என்ன நேரும்? அடுத்த அறிவிப்பு வருமுன்னரே நல்ல வழியும் அற்றதெனத் தள்ளப்படும். வந்ததும் மீண்டும் சேர்க்கப்படும். இவ்வாறு வழி ஓயாது தோன்றி மறையும். கடலுக்கு மேலாகச் செல்லும் வானலைத் தொடர்பில் ஓரிரு அறிவிப்புகள் தவறுவதும் உண்டு. எனவே அறிவிப்பை 10 விநாடியாக்கினால், காத்திருப்பை 60 விநாடியாக்குவதே பழைய அளவிற்கு ஒத்தது. அறிவிப்புகள் மும்மடங்காகப் பெருகும் சுமையையும் கணக்கிட வேண்டும். ஒரு வலையிலுள்ள ரவுட்டர்கள் அனைத்திற்கும் ஒரே தவணையை வைப்பதும் இன்றியமையாதது.

நெடுந்தீவை இனி நோக்குவோம். குறிகட்டுவானிலிருந்து படகேறியே அங்கு செல்லுதல் வேண்டும், தரைவழி இல்லை. அதுபோல ஒரே தொடர்பை நம்பியிருக்கும் இடத்தில் தவணையைச் சுருக்குவதால், வழி அற்றதென்பது விரைவில் தெரியுமேயன்றிப் புதுவழி பிறவாது. ஆகவே முதலில் மாற்றுவழியை அமைத்தல் வேண்டும். தவணையைச் சீர்செய்தல் அதன் பின்னரே பயன் தரும்.