பேங்க்ல எவ்வளவு பணம் காட்டணும்?

இன்னைக்கு நீங்க அதிகமா கேட்ட கேள்வி. "ப்ரோ, ஷெங்கன் விசாவுக்கு அக்கவுன்ட்ல எவ்வளவு பணம் காட்டணும்?" பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, எனக்கு விசா ரிஜெக்ட் ஆன கதையைச் சொல்லணும்.

எங்க அம்மா ரிட்டயர்டு டீச்சர். முப்பது வருஷம் போர்டுல ஆல்ப்ஸ் மலையை வரைஞ்சு பாடம் எடுத்தவங்க. நேர்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். பிரச்சினை என் அக்கவுன்ட். சம்பளம் வரும், வாடகை, ஈஎம்ஐ எல்லாம் போகும், மாசக் கடைசியில இருபதாயிரம் நிக்கும். ஒரு ஃப்ரெண்டு, "நான் நாலு லட்சம் போடறேன், ஸ்டேட்மென்ட் எடுத்துட்டு திருப்பிக் கொடு"ன்னான். நானும் சரின்னுட்டேன்.

ரெண்டு பேருக்கும் ரிஜெக்ட். எந்த நாடுன்னு சொல்லல, அது முக்கியமும் இல்ல. பாஸ்போர்ட்டோட ஒரு படிவம் வந்துச்சு. அதுல ரெண்டு கட்டத்துல டிக். ஒண்ணு, பயணத்தோட நோக்கம் பத்தி நீங்க கொடுத்த தகவல் நம்பகமா இல்ல. இன்னொண்ணு, விசா முடியறதுக்குள்ள திரும்பிப் போவீங்களான்னு நியாயமான சந்தேகம் இருக்கு.

அம்மா அதைப் படிச்சுட்டு, "டேய், நாம அங்கயே ஒளிஞ்சுக்குவோம்னு நெனச்சுட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு அந்த ஸ்டேட்மென்ட்டை நானே எடுத்துப் பார்த்தேன். ஆறு மாசமா ஒரே மாதிரி ஓடற கிராஃப், கடைசி வாரத்துல மட்டும் ஒரு பெரிய ஸ்பைக். சர்வர் லாக்ல அப்படி ஒண்ணு வந்தா நாமளே அலர்ட் போடுவோம். அந்த ஆபீசரும் அதைத்தான் செஞ்சிருக்கார்.

அப்பதான் புரிஞ்சுது. மொத்த ஃபைலும் ஒரே கேள்விக்குத்தான் பதில்: "நீ சொன்ன மாதிரி போயிட்டு, சொன்ன தேதியில திரும்பி வருவியா?" அந்தப் பதிலை, நம்மளைத் தெரியாத ஒருத்தர் பேப்பரை மட்டும் வச்சு நம்பணும்.

ரெண்டாவது தடவை அந்தக் கண்ணோட்டத்துலதான் ஃபைல் பண்ணோம். கடன் பணம் கிடையாது. ஒன்பது நாள் ட்ரிப்பை ஆறு நாளா குறைச்சேன். அஞ்சு மாசம் காத்திருந்து பணம் சேர்த்தேன். கவரிங் லெட்டர்ல யார் செலவு பண்றாங்க, பணம் எங்கிருந்து வருதுன்னு எழுதினேன். ஆபீஸ்ல லீவ் லெட்டர், சாலரி ஸ்லிப், ஐடிஆர். அம்மாவுக்கு பென்ஷன் பேப்பர், வீட்டு வரி ரசீது. எங்க பாட்டியைப் பார்த்துக்கறது அம்மாதான், அந்த ஆறு நாள் மட்டும் சித்தி வந்து இருப்பாங்கன்னும் எழுதினோம். போன தடவை ரிஜெக்ட் ஆனதையும், ஏன்னும் சொல்லிட்டேன். மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. விஐஎஸ்ங்கற பொது டேட்டாபேஸ்ல அது இருக்கும், எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கலாம்.

இப்ப செக்லிஸ்ட், நோட் பண்ணிக்கோங்க. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியில இருந்து அப்ளை பண்ணலாம், கடைசி 15 நாள் முன்னாடி வரைக்கும். ஆனா கடைசி வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க: முடிவு வர்றதுக்கு சாதாரணமா 15 நாள், சில கேஸ்ல 45 நாள் வரைக்கும் ஆகும். கட்டணம் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, ரிஜெக்ட் ஆனா திரும்ப வராது. ட்ராவல் இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். பாஸ்போர்ட் நீங்க அங்கிருந்து கிளம்பற தேதிக்கு அப்புறம் மூணு மாசம் செல்லணும், ரெண்டு பக்கமாவது காலியா இருக்கணும். எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அங்கதான் அப்ளை பண்ணணும். ஸ்லாட் சீக்கிரம் கிடைக்குதேன்னு வேற நாட்டுல போட்டா, உங்க ஹோட்டல் புக்கிங்கே உங்களைக் காட்டிக் கொடுத்துடும். அப்புறம், விண்ணப்ப மையத்துல இருக்கறவங்க பேப்பரை வாங்கித்தான் அனுப்புவாங்க, முடிவு தூதரகத்தோடது. அதனால "நான் பார்த்துக்கறேன்"னு சொல்ற ஏஜென்ட்டை நம்பாதீங்க.

ரிஜெக்ட் ஆனா அப்பீல் பண்ணலாம், இல்ல தப்பைச் சரி பண்ணி மறுபடி அப்ளை பண்ணலாம். எல்லாம் சரியா வச்சும் சிலருக்கு ரிஜெக்ட் ஆகுது, அதையும் ஒத்துக்கணும். நம்ம பாஸ்போர்ட்டுக்கு இவ்வளவு சந்தேகம் வர்றது எனக்கும் வலிக்குது. ஆனா அந்த டிக் உங்க மரியாதைக்கு மார்க் போடல, உங்க ஃபைலுக்குத்தான் போடுது.

சரி, எவ்வளவு காட்டணும்? பல நாடுகள் ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு ஒரு அளவு சொல்லியிருக்கு, அதைப் பார்த்துக்கோங்க. உங்க ட்ரிப் செலவைத் தாங்கற அளவு, உங்களோட சொந்தப் பணம், அது எப்படி வந்துச்சுங்கறது ஸ்டேட்மென்ட்லயே தெரியற மாதிரி. அதுக்கு மேல போடற ஒவ்வொரு ரூபாயும் ஒரு கேள்வியைத்தான் கூட்டும்.

ரெண்டாவது தடவை கவர் வந்தப்ப அம்மா ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துட்டு, "இப்ப நம்பிட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. "உண்மையை எழுதினோம்ல"ன்னேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. பாஸ்போர்ட் எக்ஸ்பைரி தேதியை இப்பவே ஒரு தடவை செக் பண்ணிடுங்க.