ஆசிரியர் தருவது காற்கூறு

(பாகலூர்த் தமிழன்பர் அவையில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



பாகலூரிலிருந்து மாலூர்ச் சாலையில் வடகிழக்கே சென்றால் சிறிது தொலைவிலேயே தமிழக எல்லை முடிந்துவிடும். மாலூரையும் கடந்து சென்றால் கோலார் வரும். பழங் கல்வெட்டுகளில் குவளாலபுரம் என வழங்கும் ஊர் அது. அவ்வூர்க்குத் தலைவன் என்று தன்னைச் சிறப்பித்துக் கொண்ட கங்க மன்னன் சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்க சோழனின் (1178–1218) ஆட்சிக் காலத்தவன். அவனுடைய வேண்டுகோளை ஏற்றே பவணந்தி முனிவர் நன்னூலை யாத்தார். எண்ணூறு ஆண்டுகளாகத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் கையிலெடுத்த இலக்கண நூலைக் கேட்டுப் பெற்றவன், இன்று கன்னட நாட்டு மாவட்டத் தலைநகராக உள்ள ஓரூரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவன். எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. நூலை அதனால் பிரிக்க இயலவில்லை.

ஆனால் ஈண்டுச் சொல்லவந்தது எல்லைச் சிக்கல் அன்று. அந் நன்னூல் எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் பொதுப்பாயிரத்தில் ஒரு செய்தியைப் பேசுகின்றது. கல்வி என்பது எவ்வாறு ஒருவர் உள்ளத்தில் வேர்கொள்கின்றது என்பதே அது. தமிழாசிரியர் பலர் தேர்வுக்கு வாராத பகுதி என்று அதைத் தாண்டிப் போய்விடுகின்றனர். அதைத் தாண்டியதன் விளைவை இன்று நாடு முழுதும் காண்கின்றோம்.

பாயிரத்தின் கணக்கு இது. ஒரு நூலை ஒருமுறைக்கு இருமுறை கேட்டவனுக்குப் பிழை நீங்கும். மும்முறை கேட்டவன் முறையறிந்து எடுத்துச் சொல்லுவான். இவ்வளவு கேட்டும், ஆசிரியர் உரைத்ததை முழுதும் உள்ளத்திற் கொண்டும், அவன் பெற்றது புலமையில் காற்கூறே. மற்றொரு காற்கூறு, அதே பணியைச் செய்வாரோடு கூடிப் பழகுவதால் வருவது. எஞ்சிய அரைக்கூறு, பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதனால் வருவது. இக் கணக்கை ஓர் ஆசிரியரே எழுதிவைத்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் பங்கு நான்கில் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்ள எத்துணை ஆசிரியர்க்கு இன்று மனம் வரும்?

உடன் பயில்வாரைக் குறிக்க நூல் ஆளும் சொல் ‘வினையாளர்’ என்பது. மாணாக்கர், நண்பர், ஒருசாலை மாணவர் என்று எத்தனையோ சொல் இருக்க, வினை செய்வார் என்னும் பொருளுடைய சொல்லை ஏன் அங்கு வைத்தார்? கற்றலை அவர் ஒரு தொழிலாகக் கண்டார். ஒரே தொழிலைச் செய்வார் இருவர் கூடினால் ஒருவர் கையின் தவறு மற்றவர் கண்ணில் படும். ஒருவர் கண்ட எளிய வழி மற்றவர்க்குப் பயன்படும். தறிக்குழியிலும் குயவர் சூளையிலும் நடப்பது அதுவே. ஏட்டுக் கல்வியிலும் அதுவே நடக்கவேண்டும் என்பது அவர் கருத்து.

அக் கணக்குக்கு முன்னே கற்பவனுக்குரிய கடமைகள் ஏழனையும் நூல் சொல்லிவிடுகின்றது. உலக வழக்கின் இயல்பைப் பிழையற அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை மீள எண்ணிப் பார்த்தல், ஆசிரியரை அடுத்து ஐயந்தீர மீண்டும் கேட்டல், ஒத்த தகுதியுடையாரோடு பயிலுதல், வினாவுதல், பிறர் வினாவியவற்றுக்கு விடை சொல்லுதல் என்பன அவை. இவற்றுள் மனப்பாடத்துக்கு உரியது ஒன்று; தனியே அமர்ந்து எண்ணுவதற்கு உரியதும் ஒன்று. மற்றவை பெரும்பாலும் இன்னொருவர் இன்றி நடவா. வழக்கை அறிதல் முதலில் நிற்பதையும் கருதுக. ஊரில் மக்கள் எப்படிப் பேசுகின்றனர், எப்படிச் செய்கின்றனர் என்னும் பட்டறிவே ஏட்டுக்கு முந்தியது. அண்மைக் காலத்தில் மேலைக் கல்வியறிஞர், பட்டறிவு, அதை எண்ணிப் பார்த்தல், கூடிச் செய்தல் என்னும் மூன்றையும் இணைத்துப் பெருநூல்கள் எழுதுகின்றனர். அவற்றைப் படித்து வியக்கும் நம்மவர் வீட்டுப் பரணில் நன்னூல் இருக்கின்றது.

இது வெறும் ஏட்டுச் செய்தியாக இருந்துவிடவும் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என ஒரு மூத்த மாணவன் இருப்பான். அவன் சொல்லிக்கொடுக்க இளையோர் மணலில் விரலால் எழுதுவர். சென்னை எழும்பூரில் படைவீரர் மக்களுக்கான ஆதரவற்றோர் இல்லத்துப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆந்திரூ பெல் என்னும் இசுக்காத்துலாந்துக் குருவானவர், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் வகுத்தார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராசு முறை’ என்ற பெயரால் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிற் பரவியது. நம் திண்ணையிலிருந்து கப்பலேறிப் போன முறை அங்கே புகழ்பெற்றது. இங்கோ, ஆசிரியர் மட்டும் பேச, மற்றவர் வாய்மூடியிருக்கும் வகுப்பறை வந்து சேர்ந்தது. வகுப்பில் பக்கத்துப் பிள்ளையோடு பேசியவன் இன்றும் தண்டம் பெறுகின்றான். அவன் செய்த குற்றம், பவணந்தியார் சொன்ன இரண்டாம் காற்கூறைத் தேடியது!

இனிப் பாகலூர்ப் பக்கமே வருவோம். இப் பகுதி மலர்த் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. ரோசா என்று மக்கள் வழங்கும் முளரியைப் பசுமைக்குடில்களில் வளர்த்து வெளிநாடுகளுக்கும் விடுக்கின்றனர். அமுதகொண்டப்பள்ளியில் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் கூட்டு முயற்சியாக ஒரு மலர்ப் பூங்காவே உண்டு. கேழ்வரகும் அவரையும் விளைந்த மண்ணில் இக் கலை எப்படி வந்தது? வல்லுநர் வந்து சொன்னது ஒரு பங்கு. எந்தக் கணுவுக்கு மேல் வெட்டினால் தண்டு நீளும், சாம்பல் நோய் இலையில் வெள்ளை படியுமுன் எந்த அறிகுறியில் தெரியும், குடிலின் பக்கத்திரையை எந்நேரத்தில் சுருட்டவேண்டும் என்பனவெல்லாம் ஒரு தோட்டத்தார் மற்றொரு தோட்டத்துக்குச் சென்று கண்டும் கேட்டும், தாம் இழந்ததை எண்ணிப் பார்த்தும் பெற்றவை. நாற்று நடும் பெண்களும் பூக்கொய்யும் பெண்களும் தம்முள் பேசிக் கொண்டதில் பாதி அறிவு வளர்ந்தது.

ஓசூர்த் தொழிலகங்களிலும் அவ்வாறே. இடாட்டா குழுமமும் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் உருவாக்கிய ‘டைட்டன்’ கைக்கடிகார நிறுவனம் ஓசூரில் தொழிலகம் அமைத்தபோது, கடிகாரம் செய்யத் தெரிந்தவர் இங்கு இல்லை. சுற்றுப்புறச் சிற்றூர்களில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞரை எடுத்துப் பயிற்றினர். வீட்டைப் பிரிந்து வந்த அவர்களை ஓசூரில் வளர்ப்புப் பெற்றோர் இல்லங்களில் தங்கவைத்தனர். உழவர் வீட்டுப் பிள்ளைகள் மயிரிழை நுண்மை வேண்டும் வேலையைக் கற்றுத் தேர்ந்தனர். ஒரே கூரையின்கீழ் உண்டு, ஒரே மேசையில் பணிசெய்து, இரவில் அன்றைய பிழையைப் பேசிப் பயின்ற தலைமுறை அது.

இம் மண்ணுக்கு இது புதிதும் அன்று. இதே கிருட்டிணகிரி மாவட்டத்தில் பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்புச் சான்றுகள் கி.மு. 2172 வரை பழைமையுடையன என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. இரும்பைத் தனியொருவன் உருக்க முடியாது. துருத்தி ஊத ஒருவன், உலை பார்க்க ஒருவன், சம்மட்டி பிடிக்க ஒருவன் வேண்டும்.

இத்துணைக் கல்வியும் எந்தச் சொற்களில் நிகழ்ந்தது என்பதிலேதான் தமிழர்க்குத் துன்பம் இருக்கின்றது. தொழிலகத்தில் கையாளும் பொறிக்கும் கருவிக்கும் செயலுக்கும் வழங்குவன பெரும்பாலும் சிதைந்த ஆங்கிலச் சொற்கள். கற்றது கையில் நிற்கின்றது, தமிழில் இறங்கவில்லை. தந்தை முப்பதாண்டு செய்த தொழிலை மகனுக்குத் தமிழில் விளக்கச் சொன்னால் திணறுகின்றார். விளக்க இயலாமையால் அரைக்கூறு இழப்பு.

இதற்குத் தமிழ்ப்பற்றாளர் கண்ட மருந்து கலைச்சொற் பட்டியல். அம் முயற்சியின் வரலாற்றை நடுவுநிலையோடு பார்க்கவேண்டும். 1916ஆம் ஆண்டு மறைமலையடிகளார் தனித்தமிழ் நெறியைத் தொடங்கிய ஆண்டு. அவ்வாண்டிலேயே சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு கழகம் தோன்றிற்று. அதை நிறுவியவருள் ஒருவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசாசி. பின்னாளில் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கித் தாளமுத்து, நடராசன் முதலியோர் சிறையில் உயிர்துறக்கும் நிலையை உண்டாக்கிய ஆட்சியின் தலைவரும் அவரே. அவ் வடுவை மறப்பதற்கில்லை. சொல்லாக்கத்தில் அவர் கைவைத்ததை மறைப்பதற்கும் இல்லை. சேலத்துக் கழகம் விரைவில் ஓய்ந்தது. அடிகளார் தொடங்கியது ஓயவில்லை. அடிகளாரும் அவர் மகளார் நீலாம்பிகையாரும் தனித்தமிழை முதலில் தம் வீட்டுப் பேச்சிலும் எழுத்திலும் கையாண்டனர். வேதாசலம் மறைமலை ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. தந்தை எண்ணியதை மகள் செய்து பார்த்தார். மகள் ஐயுற்றதைத் தந்தை தீர்த்தார். சேலம் நகராட்சிக் கல்லூரியில் பாவாணரிடம் பயின்ற பெருஞ்சித்திரனார் 1959இல் தென்மொழியைத் தொடங்கியபோதும் இம்முறையே தொடர்ந்தது. அவ்விதழைப் படித்தவர் எழுதத் தொடங்கினர். எழுதியவர் ஊர்தோறும் கூடிப் பேசினர்.

ஆகவே புலவர் அறையிலிருந்து ஆக்கித்தரும் சொல்லும் காற்கூறே என்று இயக்கத்தார் ஒப்பவேண்டும். ‘பேருந்து’ நிலைத்தது, ‘சொட்டுநீர்’ நிலைத்தது. முன்னதை நாடோறும் ஏறி இறங்குவார் வாங்கிக்கொண்டனர். பின்னதைக் குழாய் பதித்த உழவர் வாங்கிக்கொண்டனர். தொழிலாளர் வாயில் நுழையாத நூறு சொல்லைக் காட்டிலும், கடைசல் பொறியருகில் நிற்கும் இருவர் தமக்குள் கூறி மகிழும் ஒரு சொல் வலியது. பட்டியலை அச்சிட்டு அமைச்சரை வைத்து வெளியிட்டவர் எத்தனை பேர் அதைத் தொழிலகக் கதவருகே கொண்டு சென்றனர்?

மொழிச் சட்டத்துக்கும் இதே கணக்குத்தான். 2006இல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் வந்தது. முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயப் பாடம் ஆயிற்று. வேண்டிய சட்டம், காலந்தாழ்ந்து வந்த சட்டம். பாகலூர்ச் சுற்றுப்புறத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் பல. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளின் சார்பில் வழக்குகள் எழுந்தன. 2023இல் உச்சநயன்மன்றம் பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ்த்தாள் எழுதுவதிலிருந்து அம் மாணவர்க்கு மேலும் ஓராண்டு விலக்களித்தது. தமிழ்நாட்டில் தமிழ் கல்லாமலே பள்ளி முடிக்கும் நிலை எவர்க்கும் நன்மை தராது. அப் பிள்ளைக்கே முதல் தீங்கு. எனினும் சட்டம் வென்றாலும் தோற்றாலும் அது வகுப்பறையில் ஆசிரியர் தரும் காற்கூறைப் பற்றிய வழக்கே. அப் பிள்ளை மாலையில் யாரோடு விளையாடுகின்றது, யார் அதனிடம் தமிழில் கதை கேட்கின்றனர், தமிழில் ஒன்றைப் பிறர்க்குச் சொல்ல அதற்கு இடம் உண்டா என்பவற்றை எந்த மன்றமும் தீர்ப்பாக எழுத முடியாது. வீட்டில் தெலுங்கு பேசும் சிறுமியை ‘அயலாள்’ என்று ஒதுக்கும் தமிழ்ச் சிறுவன், சட்டத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தவரைவிட மிகுதியாகத் தமிழுக்குக் கேடு செய்கின்றான். தன் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் விட்டுவிட்டு மேடையில் தமிழ் முழங்கும் தந்தையைப் பற்றி இங்கே பேசாமல் விடுவதே நன்று.

எல்லைக்கு அப்பாலும் ஒரு பாடம் உண்டு. அதே கோலார் மாவட்டத்தின் தங்கவயலில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் நிலத்தின் அடியாழத்தில் உழைத்தனர். பள்ளிக்கூடம் கண்டவர் சிலரே. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் அவர்களிடையே பரவிற்று. மாரிக்குப்பத்தில் அவர்தம் பௌத்தச் சங்கத்தின் கிளை இயங்கிற்று. 1914இல் பண்டிதர் மறைந்தார். 1920களில் அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே வெளியிட்டார். பண்டிதரின் நூல்களும் அங்கு அச்சேறின. சுரங்கத் தொழிலாளர் கூடிப் படித்து, கேட்டு, வாதிட்டு, தம் காசில் அச்சகம் நிறுத்தினர். அவர்க்குச் சட்டமும் இல்லை, அரசுப் பள்ளியின் துணையும் பெரிதில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது.

பாகலூரில் செய்யத்தக்கது பெரிய செலவு பிடிப்பது அன்று. கிழமைக்கு ஒரு மாலை, ஓரிடம், பத்துப் பேர் போதும். அப் பத்தின்மரில் பசுமைக்குடிலில் பணிசெய்யும் பெண் ஒருவர் இருக்கட்டும். பொறிகளோடு உழலும் தொழிலாளி ஒருவர் இருக்கட்டும். தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாக உடைய பிள்ளைகள் இருவர் இருக்கட்டும். தமிழாசிரியர் வரலாம், ஆனால் அவர் பேசுவது நாலில் ஒரு பங்கு நேரம். தாம் அந்தக் கிழமையில் செய்ததை ஒவ்வொருவரும் தமிழில் சொல்லவேண்டும். சொல் கிடைக்காத இடத்தில் நிறுத்தி எல்லாரும் சேர்ந்து தேடவேண்டும். கிடைத்ததை ஒரு குறிப்பேட்டில் பிள்ளைகள் எழுதவேண்டும். அடுத்த கிழமை அதை அவர்களே மற்றவர்க்கு விளக்கவேண்டும். பயன்பட்ட சொல் நிற்கட்டும், பயன்படாததை அடித்துவிடலாம். ஒரு குறிப்பேடு நிறைந்ததும் அதனைப் பேரிகைக்கும் ஓசூருக்கும் அனுப்பி, அங்குள்ளார் என்ன மாற்றம் சொல்லுகின்றனர் என்று கேட்டு வாங்கலாம். மாலூர்ப் பக்கத்துத் தமிழர்க்கும் ஒரு படி போகட்டும்.