கண் தாவித் தாவித்தான் வாசிக்கும்

(தாய் தகப்பன்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எம் புள்ள ஒரு வரியிலேயே நின்னுக்கிட்டு இருக்கான், படிப்பு ஏறாத மக்கு" என்று எங்களிடம் சொல்லாத லயம் குறைவு. மக்கு என்ற பேர் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. ஆகவே, அப்படிச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் கண்ணைக் கொஞ்சம் பாருங்க என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

வாசிக்கும்போது கண் வரியிலே வழுக்கிக்கொண்டு போகுது என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1879 வாக்கில் பாரிஸ் நகரத்துக் கண் வைத்தியர் எமில் ஜவால் இதை எழுதி வைத்தார்: கண் தாவுது, நிக்குது, மறுபடி தாவுது. கொழுந்தெடுக்கும் கை மாதிரிதான். தாவும்போது கையில் ஒன்றும் வராது. நின்ற இடத்தில்தான் கிள்ள முடியும்.

நன்றாக வாசிக்கும் பெரியவரின் கண் ஓரிடத்தில் நிற்பது கால் செக்கன் மட்டில். ஆங்கிலத்தில் ஒரு தாவலுக்கு 7, 8 எழுத்து. நூறு தாவலில் 10, 15 தடவை பின்னுக்கும் போகும், அது குற்றமில்லை. வாசிக்கப் பழகும் சின்னப் பிள்ளைக்கோ நிற்கும் நேரமும் கூட, பின்னுக்குப் போவதும் ஏறக்குறைய இரட்டிப்பு.

இதை இப்போது கமரா வைத்து அளக்கிறார்கள். பிள்ளைக்கு வலி கிடையாது. சுவீடனில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 185 பேரின் கண் அசைவை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. ஒரு நிமிடம்கூட ஆகாத வாசிப்பிலிருந்து, சிரமப்படும் பிள்ளை எது என்று நூற்றுக்கு 95 பங்கு சரியாகப் பிரித்தது கணினி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த 185 பேரில் 97 பேர் முன்னமே சிரமம் உள்ளவர்கள் என்று தெரிந்து எடுத்தவர்கள். சாதாரண வகுப்பில் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். அங்கே பிழையாகப் பேர் விழும் பிள்ளைகளும் கூடத்தான் இருப்பார்கள்.

இன்னொன்று. கண் தடுமாறுவதால் வாசிப்பு கெடவில்லை. சொல் பிடிபடாததால் கண் தடுமாறுது. காய்ச்சல் மானி காய்ச்சலைக் காட்டும், மாற்றாது. 1980களில் கண்தான் காரணம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்; மற்றவர்கள் சோதித்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. ஆகவே யாராவது "கண் பயிற்சி கொடுத்து வாசிக்க வைக்கிறோம்" என்று காசு கேட்டால், அந்தச் சம்பளக் காசைக் கொடுத்துவிடாதீங்க.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பழைய தாள் ஒன்றின் நடுவில் சிறு ஓட்டை போட்டு, சுற்றி நாலு வரி எழுதுங்க. பிள்ளை இந்தப் பக்கம் வாசிக்கட்டும், நீங்க அந்தப் பக்கம் ஓட்டை வழியாகப் பாருங்க. 1928இலேயே அமெரிக்காவில் ஒருவர் எழுதிய வழிதான். கண் தாவுவது தெரியும். பரீட்சை வைக்க அல்ல, பிள்ளை எவ்வளவு பாடுபடுகிறது என்று நீங்க பார்க்க.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்க. பார்வை சரி என்றால் ஆசிரியரிடம் போய், எந்த எழுத்தில், எந்தச் சொல்லில் பிள்ளை நிற்கிறது என்று சொல்லுங்க. 'கெ', 'கொ' மாதிரி எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கும், ஓசை பின்னால் வரும். அங்கே நிறையப் பிள்ளைகள் தடுக்கும். வேலை விட்டு வந்த பிறகு பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து, ஓசையைச் சொல்லிச் சொல்லிச் சேர்த்து வாசிக்க வையுங்க. வாசிக்கத் தெரியாத தாய்மார், மூத்த பிள்ளையை உட்கார வையுங்க.